பட்ஜெட்டும் பத்திரிகையும் நம் கடற்கரையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, பட்ஜெட்டைப் பத்தி பேசுங்க, ஆனா யாரும் தூங்கிறக் கூடாது" என்றார். பேசுவது என் பொறுப்பு. தூங்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்தவன். பட்ஜெட் நாளன்று பக்கம் போடுவது என் தலையில் விழும் வேலை. 1999 க்கு முன்பு மத்திய பட்ஜெட்டை மாலை 5 மணிக்குத்தான் வாசிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் அது. லண்டனில் ஆள் விழித்திருக்க வேண்டுமே! இரவுக்குள் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். அந்த அவசரத்தில் நாங்கள் முதலில் தயார் செய்வது ஒரு பெட்டிச் செய்தி. இடப்பக்கம் "விலை உயரும்", வலப்பக்கம் "விலை குறையும்". சிகரெட், சோப்பு, டி.வி., பிஸ்கட். அந்தப் பெட்டி முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பெட்டியை நான் கேலி செய்யமாட்டேன். மாதச் சம்பளத்தில் மளிகை வாங்கும் வீட்டுக்கு அது தேவையான செய்திதான். ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி எவ்வளவு என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் முடிவு செய்கிறது. பட்ஜெட்டின் கையில் மிஞ்சியது சுங்க வரியும் இன்னும் சிலவும். அப்படியும் அந்தப் பெட்டி போகவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 ஆம் தேதி பேப்பரில் அது வந்துவிடுகிறது. பழக்கதோஷம்!

பெட்டியில் வராத கேள்வி ஒன்று உண்டு. யாரிடம் எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள்? வேறு மாதிரி எடுத்து வேறு மாதிரி கொடுக்க வழி இருந்ததா? அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அது எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில், படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பியைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினவர்களுக்கு. சர்க்கார் பங்கு ஏலத்துக்குப் போகும், பணம் கஜானாவுக்குப் போகும். நியாயமோ அநியாயமோ, மூன்று குவியலையும் ஒரு சின்னப் பையன்கூட எண்ணிவிடலாம். 1961 க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. குவியல்கள் இப்போது டில்லியிலும் கோட்டையிலும் காகிதத்தில் பிரிக்கப்படுகின்றன. எண்ணுவதுதான் கஷ்டமாகிவிட்டது.

அடுத்து உப்பு. 1923 இல் பேசில் பிளாக்கெட் என்ற நிதி உறுப்பினர், பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று சொல்லி, மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்கினார். அதாவது இரட்டிப்பு. ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சில அணாதானே கூடுகிறது என்பது சர்க்கார் வாதம். மத்திய சட்டசபையில் நம் ஆட்கள் விடவில்லை. ஏழை தின்கிற உப்பும் பணக்காரன் தின்கிற உப்பும் ஒரே அளவு, வரியும் ஒரே அளவு, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். துண்டு விழுந்தால் ராணுவச் செலவைக் குறை என்றார்கள். சபை வரியை நிராகரித்தது. வைஸ்ராய் ரெடிங் பிரபு தன் விசேஷ அதிகாரத்தால் கையெழுத்துப் போட்டு அதை அமலாக்கினார். ஆனால் அடுத்த ஆண்டே, 1924 இல், பழைய ஒன்றேகால் ரூபாய்க்கே இறங்கி வரவேண்டியிருந்தது. தண்டி யாத்திரைக்கும் வேதாரண்யத்துக்கும் ஆறேழு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. உப்புச் சத்தியாக்கிரகம் எல்லோருக்கும் தெரியும். பட்ஜெட் விவாதத்தில் உப்புக்காக நடந்த இந்தச் சண்டையைப் பாடப் புத்தகம் கண்டுகொள்வதில்லை.

உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரல் 1 ஆம் தேதி. ஒழித்தவர் யார் தெரியுமா? இடைக்கால அரசின் நிதி அமைச்சர் லியாகத் அலி கான், பின்னாளில் பாகிஸ்தானின் முதல் பிரதமர். 1947 பிப்ரவரி 28 இல் அவர் வாசித்த பட்ஜெட்டை ஏழைகளின் பட்ஜெட் என்றே அழைத்தார்கள். உப்பு வரியை எடுத்துவிட்டு, லட்ச ரூபாய்க்கு மேல் லாபம் பார்க்கும் வியாபாரத்துக்கு 25 சதவீதம் வரி போட்டார். மூலதன ஆதாயத்துக்கும் வரி. ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் எங்கே எடுப்பது என்று தெளிவாகச் சொன்ன பட்ஜெட் அது. பங்குச் சந்தைகள் கதவைச் சாத்தின. அவர் இதைக் காங்கிரசுக்குப் பணம் கொடுக்கும் முதலாளிகளை நசுக்கச் செய்தாரா, பிரிவினைக்காகச் செய்தாரா என்பதே பேச்சாகிவிட்டது. கடைசியில் 25 சதவீதம் 16⅔ சதவீதமாக இறங்கியது. அவர் உள்நோக்கம் என்னவாக வேண்டுமானாலும் இருந்திருக்கட்டும். உப்பளத்தில் நின்றவனுக்கும் கஞ்சியில் உப்புப் போட்டவனுக்கும் வரி போனதா இல்லையா? போனது.

நம் தொகுதி சம்பந்தப்பட்ட கதை ஒன்று சொல்கிறேன். இன்றைய தூத்துக்குடி தொகுதி முன்பு திருச்செந்தூர் தொகுதி. 1962 இல் அங்கிருந்து போட்டியின்றி ஜெயித்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அதற்கு முன்பு 1957 இல், நிதி அமைச்சராக, கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டு செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். வருமானத்தைக் கணக்கில் மறைக்கலாம். பங்களாவையும் கல்யாணச் செலவையும் மறைப்பது சிரமம் என்பது அதன் அடிப்படை. அதே பட்ஜெட்டில் வருமான வரி வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000 ஆகக் குறைத்து நடுத்தரக் குமாஸ்தாவையும் உள்ளே இழுத்தார். சம்பாத்தியத்தின் மீதான உச்ச வரியை 90 சதவீதத்துக்கு மேலிருந்து 77 க்கு இறக்கினார். ஆக, முழு முற்போக்கு என்றும் சொல்ல முடியாது. செலவு வரியால் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்கூடத் தேறவில்லை. 1962 இல் மொரார்ஜி தேசாய் எடுத்தார், 1964 இல் திருச்செந்தூர் எம்.பி.யாக இருந்த டி.டி.கே. திரும்பக் கொண்டுவந்தார், 1966 இல் சச்சின் சௌத்ரி மறுபடி எடுத்தார். டி.டி.கே. என்றால் இன்றைக்கும் பத்திரிகைக்காரர்கள் நினைவில் வருவது 1958 முந்த்ரா விவகார ராஜினாமாதான். வரியை யாரும் சொல்வதில்லை.

செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டது. 2013-14 இல் அதில் வசூலானது 1,008 கோடி என்று அருண் ஜெட்லி சொன்னார். பதிலுக்குக் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் 2 சதவீதம் கூடுதல் வரி போட்டால் 9,000 கோடி வரும் என்றார். அது நல்ல மாற்றா, வசூலிக்கத் தெரியாத வரியைச் செப்பனிடாமல் கைகழுவியதா என்று நீண்ட விவாதம் நடந்திருக்கலாம். அதே உரையில் கம்பெனி வரியை 30 இலிருந்து 25 ஆகக் குறைக்கும் அறிவிப்பும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2019 செப்டம்பர் 20. பட்ஜெட் முடிந்து இரண்டரை மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவசரச் சட்டம் மூலம் கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு. அரசே சொன்ன கணக்கு: ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வரவு போகும். அன்றைக்குப் பங்குச் சந்தை 1,921 புள்ளி ஏறியது. தலைப்புச் செய்தி எதுவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு மீனவர்களுக்கு ஒரு அறிவிப்பு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், 5 ஆண்டுகளுக்கு 20,050 கோடி. இதுவும் தலைப்புச் செய்திதான். ஒரு நாள் காலையில் விட்டுக்கொடுத்தது, 5 ஆண்டு மீன்வளத் திட்டத்தைப் போல ஏழு மடங்கு. சரி, அதை விடுங்கள். இந்த 20,050 கோடிக்கு உள்ளே என்ன இருக்கிறது?

மத்திய அரசு பங்கு 9,407 கோடி. மாநில அரசுகள் பங்கு 4,880 கோடி. மீதி 5,763 கோடி, பயனாளிகள் பங்கு. பயனாளி என்றால் யார்? படகு வாங்குகிறவர், வலை வாங்குகிறவர், ஐஸ் பெட்டி வைத்த வண்டி வாங்குகிறவர். பொதுப் பிரிவுக்கு மானியம் 40 சதவீதம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு திரேஸ்புரம் கரையில் ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நூத்துக்கு அறுவது நான் போடணுமோ?"

"ஆமா, இல்லேன்னா பேங்க்ல வாங்கணும்."

"அப்போ என் கடனையும் சேத்துல்லா அவுக குடுக்கதா எழுதியிருக்காவ!"

முப்பது ஆண்டு பக்கம் போட்ட எங்களால் இவ்வளவு சுருக்கமாக ஒரு தலைப்பு எழுத முடிந்ததில்லை. அந்த மூன்று எண்களும் அரசின் செய்திக் குறிப்பிலேயே இருந்தவை. யாரும் ஒளித்து வைக்கவில்லை. இரண்டாவது பத்தியைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். திட்டமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் பயன்பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 20,050 என்று கொட்டை எழுத்தில் போடும்போது 9,407 என்றும் ஒரு வரி போட்டால் என்ன?

அடுத்தது சேது சமுத்திரம். இந்த அரங்கில் அதற்காகக் கைதட்டியவர்களும் இருப்பீர்கள், எதிர்த்தவர்களும் இருப்பீர்கள். இரு தரப்பும் என்னை மன்னிக்க வேண்டும். 2005 ஜூலை 2 இல் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி. நம் துறைமுகம்தான் பொறுப்பு அமைப்பு. துறைமுகங்கள் பங்குப் பணம் போட்டன, மத்திய அரசு போட்டது, மீதி கடன். கால்வாய் ஆழம் 12 மீட்டர். 424 கடல் மைல் வரை தூரம் மிச்சம், 30 மணி நேரம் வரை நேரம் மிச்சம் என்றார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை இருந்தன! "வரை" என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பலுக்கு அந்த மிச்சம் சரி. ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தா போகும் கப்பலுக்கு எவ்வளவு? கால்வாய்க்குள் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு, கட்டணமும் கட்டி வருவதற்கு அது ஒத்துவருமா? 12 மீட்டரில் வர முடியாத பெரிய கப்பல்கள்தான் இனிமேல் என்றால்? ஆண்டுதோறும் மணலை அள்ளிக்கொண்டே இருக்கும் செலவு யார் தலையில்? மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வலை போடுகிறவர் இழப்பது செலவுப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது? பொருளாதாரம் தெரிந்த சிலரும் கடலோடி அனுபவம் உள்ள சிலரும் இவற்றைக் கேட்டார்கள். மீனவர் சங்கங்கள் கேட்டன. ஆதரித்தவர்களிடமும் பதில் இருந்திருக்கும். துறைமுகம் வளரும், வேலை வரும் என்பது லேசான வாதம் இல்லை. நான் இந்த ஊர்க்காரன், எனக்கு அது தெரியும்.

ஆனால் 2007 இல் விவகாரம் ராமர் பாலமாகிவிட்டது. உச்ச நீதிமன்றத் தடை, பந்த், பதில் பந்த். ராமர் எந்தக் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தார் என்பது வரைக்கும் பேச்சு போனது. டி.வி.யில் ஒரு பக்கம் சாமியார், மறு பக்கம் பகுத்தறிவாளர். கணக்குப் புத்தகத்தோடு யாரையும் உட்கார வைக்கவில்லை. 2012 நடுப்பகுதி வரை சுமார் 829 கோடி செலவாகிவிட்டது என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. பச்சௌரி குழு, மாற்றுப் பாதையும் பொருளாதார ரீதியில் கட்டாது என்றது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. அந்த 829 கோடியைப் பற்றி நம் ஊர் டீக்கடையில்கூட ஒரு சண்டை நடந்து நான் கேட்டதில்லை.

நாடாளுமன்றத்தில் மட்டும் விவாதம் ஒழுங்காக நடக்கிறதா? உறுப்பினர் ஒருவர் மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கொள்கையே தப்பு என்றால் தொகையை 1 ரூபாயாகக் குறை என்று கேட்கலாம். குறை ஒன்றைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறை என்று கேட்கலாம். மாற்றுப் பட்ஜெட்டைச் சபைக்குள் பேச இதுதான் வாசல். நேரம் முடிந்தால் விவாதிக்காத கோரிக்கைகளை மொத்தமாக நிறைவேற்றுவார்கள். அதற்குப் பெயர் கில்லட்டின், பிரெஞ்சுக்காரன் தலை வெட்டும் இயந்திரத்தின் பெயர். 2018 மார்ச் 14 இல் மக்களவை அத்தனை கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் சுமார் அரை மணி நேரத்தில் விவாதமில்லாமல் நிறைவேற்றியது. அன்றைக்கே கோரக்பூர், பூல்பூர் இடைத்தேர்தல் முடிவு. அன்றைக்கே ஸ்டீபன் ஹாக்கிங் மறைவு. மறுநாள் முதல் பக்கத்தில் எது இடம் பிடித்திருக்கும்? 2023 இலும் மக்களவையில் கோரிக்கைகள் விவாதமில்லாமலே நிறைவேறின.

மாநிலத்துக்கு வாருங்கள். 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதில் "ரூ" என்று போட்டார்கள். இந்தியா முழுக்க இரண்டு நாள் அதே பேச்சு. அந்தக் குறியை வடிவமைத்தவரே தமிழர் என்பதும், அவர் தந்தை தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்பதும் செய்தியானது. சுவையான செய்திதான், நானாயிருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் ரூ என்ற எழுத்துக்குப் பின்னால் இருந்த எண்கள் என்னவாயின?

வேறு வழியே இல்லையா என்றால், செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் திஷா என்ற அமைப்பு, பழங்குடி மக்களிடையே வேலை செய்தது. 1990 களில் அவர்கள் மாநில பட்ஜெட் புத்தகத்தை உட்கார்ந்து படித்து, நாலைந்து பக்கக் குறிப்பாக எளிய மொழியில் எழுதி, கூட்டத்தொடர் நடக்கும்போதே எம்.எல்.ஏ.க்கள் கையிலும் நிருபர்கள் கையிலும் கொடுத்தார்கள். பழங்குடிக்கு ஒதுக்கியது இவ்வளவு, செலவானது இவ்வளவு என்று. எம்.எல்.ஏ. அதை வைத்துச் சபையில் கேட்பார், நிருபருக்குச் செய்தி கிடைக்கும். கனடாவில் 1995 முதல் தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து முழு மாற்றுப் பட்ஜெட்டே போடுகிறார்கள், வரி எங்கே ஏற்றுவோம் என்பது உட்பட. அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். செலவை மட்டும் கேட்பவனை யாரும் மதிப்பதில்லை. பக்கத்துக் கேரளத்தில் 1996 இல் மக்கள் திட்டம் என்று திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் விட்டார்கள்.

நம் ஊரிலும் நடந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதற்கு நிவாரணம் வேண்டும் என்று உப்பளத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2022 இல் 5,000 ரூபாய் நிவாரணம் வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள் என்று வைத்தால் நாளுக்கு 54 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கு 8,000 ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். நாளுக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு. அறிவிப்பு வந்த அன்று 5,000, 8,000 என்றுதான் எழுதுவோம். 54, 131 என்று எழுதியவர்கள் எத்தனை பேர்?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. தமிழகச் சட்டப்பேரவையில் மீன்வளம் மானியக் கோரிக்கை எண் 7. ஒவ்வொரு ஆண்டும் அமைச்சர் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பார், தமிழிலேயே இருக்கும், இலவசமாகவே கிடைக்கும். பட்ஜெட் புத்தகத்தில் ஒரே தலைப்புக்கு மூன்று எண்கள் இருக்கும்: இந்த ஆண்டுக்குக் கேட்டது, போன ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டில் உண்மையாகச் செலவானது. பத்திரிகையில் வருவது முதல் எண். நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி, நம் எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு பிரதி, இங்கே இருக்கும் நிருபர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். திரேஸ்புரத்திலும் முத்தையாபுரத்து உப்பளத்திலும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தப்பிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

மீன்வளம், தொழிலாளர் நலம் இரண்டுக்குமான குறிப்புகளை அச்செடுத்து நூலகர் அவர்களிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். வெளியே எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்றார். சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், நான் உள்ளூரில்தான் இருக்கிறேன். பந்தி தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.